“டெஸ்க்டாப்ல முக்கியமானது ஏதாவது இருக்கா சார்?”

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது. ஆன் செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வீஸுக்கு வந்த தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்கிறார். பென்டிரைவைச் செருகுவதற்கு முன், வீடானாலும் அலுவலகமானாலும் அவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “டெஸ்க்டாப்ல முக்கியமானது ஏதாவது இருக்கா சார்?”

வால்பேப்பரே தெரியாத அளவுக்குத் திரை முழுக்க ஐகான்கள். ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் (2)’, ‘ஸ்கேன்0003’, ‘டாக்1’, ‘டவுன்லோட் (7)’, ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’. இவற்றில் ஒன்று மகளின் சாதிச் சான்றிதழ். ஒன்று வீட்டுக் கடனுக்கு வங்கி கொடுத்த ஒப்புதல் கடிதம். இன்னொன்று போன தீபாவளிக்கு யாரோ அனுப்பிய துணிக்கடை விளம்பரம். எது எது என்று திறந்து பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. வந்த தம்பிக்கோ அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். “எல்லாத்தையும் அள்ளி டி டிரைவ்ல போட்டுடறேன் சார், அப்புறமா பாத்துக்கங்க” என்பார். ‘ஓல்டு டெஸ்க்டாப்’ என்ற பெயரில் அது அங்கே போய் உட்காரும். அடுத்த முறை ஃபார்மெட் ஆகும்போது அதற்குள் இன்னொரு ‘ஓல்டு டெஸ்க்டாப்’ சேரும். ‘அப்புறமா’ என்கிற அந்த நாள் பெரும்பாலான வீடுகளில் வருவதே இல்லை.

அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டெஸ்க்டாப் என்பது கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தாலும், அது இருப்பது சி டிரைவுக்குள். ‘யூசர்ஸ்’ என்ற ஃபோல்டரில் நம் பெயருக்குக் கீழே ஒரு சாதாரண ஃபோல்டர் அது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் அதன் பக்கத்திலேயே இருக்கிறது. விண்டோஸும் சி டிரைவில்தான் குடியிருக்கிறது. சி-யை அழித்து விண்டோஸ் போட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இது பெரிய விஷயமில்லை. போனால் சினிமாப் பாட்டு போகும், சுற்றுலா போட்டோ போகும். இன்று நிலப் பட்டா, வில்லங்கச் சான்று, வருமானச் சான்றிதழ், ஆதார், பி.எஃப். பாஸ்புக், காப்பீட்டு பாலிசி என்று பீரோவுக்குள் பூட்டி வைத்த காகிதமெல்லாம் பிடிஎஃப்பாக டவுன்லோட் ஆகி வருகிறது. பீரோவுக்குள் வைக்கும்போது காட்டிய கவனத்தில் கால்வாசிகூட இங்கே காட்டுவதில்லை. அதனால்தான் இதை வெறும் ஒழுங்குப் பிரச்னையாக என்னால் பார்க்க முடியவில்லை.

இதைப் பற்றிச் சொல்லப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை ஃபோல்டர் போடுவதிலிருந்து தொடங்குகின்றன. என் அனுபவத்தில் அது இரண்டாவது வேலை. டவுன்லோட் ஆகிற ஒவ்வொரு ஃபைலும் வேறு யாரோ வைத்த பெயரோடுதான் நம்மிடம் வருகிறது. அந்தப் பெயரை மாற்றாதவரை எத்தனை ஃபோல்டர் போட்டாலும் அலங்கோலம் இடம் மாறுமே தவிரக் குறையாது.

யார் வைத்த பெயர்?

தமிழ் நூல்களை டவுன்லோட் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். 1998-ல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து திருக்குறளை இறக்கினால், ஃபைலின் பெயர் ‘பிஎம்யூனி0001’ என்று இருக்கும். அந்தத் திட்டத்தின் முதல் நூல் திருக்குறள் என்பதால் அந்த எண். நூற்றுக்கணக்கான நூல்களைப் பராமரிக்கிறவர்களுக்கு எண் வரிசை அவசியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் பழைய இந்திய நூல்களில் பல ‘இன்.எர்நெட்.டிஎல்ஐ.2015’ என்று தொடங்கி ஒரு நீண்ட எண்ணில் முடியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகத்தில் ‘டிவிஏ_பிஓகே’ என்று ஆரம்பிக்கும். மூன்று தளங்களிலிருந்தும் ஒரு வாரம் புத்தகம் சேர்த்த பிறகு டெஸ்க்டாப்பைப் பாருங்கள். எது நிகண்டு, எது நாவல், எது சமையல் நூல் என்று ஒரு பெயரும் சொல்லாது.

வாட்ஸ்அப் தேதியை வைத்துப் பெயர் கொடுக்கிறது. போனில் ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கி, எட்டு இலக்கத் தேதி, அதன் பிறகு ‘டபிள்யூஏ’ என்று ஒரு வரிசை எண். கணினியில் ‘வாட்ஸ்அப் இமேஜ்’ என்று தொடங்கித் தேதியும் நேரமும் வரும். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அது படம் எடுத்த தேதி இல்லை, படம் வந்து சேர்ந்த தேதி. சித்தப்பாவின் 1987 கல்யாணப் போட்டோவை அத்தை நேற்று அனுப்பியிருந்தால், பெயரில் இருப்பது நேற்றைய தேதிதான். கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் தேதி, இடம் போன்ற விவரங்களையும் வாட்ஸ்அப் போட்டோவாக அனுப்பும்போது நீக்கிவிடுகிறது. அந்தப் படத்தில் இருப்பது யார், எந்த வருஷம், எந்த ஊர் என்பதைச் சொல்ல இனி பெயர் ஒன்றுதான் வழி. அத்தை இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தால் உண்டு.

கூடவே பிரவுசர் செய்யும் வேலை. ஒரே ஃபைலை மறுபடி இறக்கினால், பழையதை அழிக்காமல் (1), (2) என்று பக்கத்தில் போட்டுக்கொண்டே போகும். பழையது அழியக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ‘ஹால்டிக்கெட் (4)’ என்ற பெயரைப் பார்க்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளலாம். தேடிக் கண்டுபிடிப்பதைவிட மறுபடி டவுன்லோட் செய்வது அந்த வீட்டில் சுலபமாகிவிட்டது. வங்கித் தளமோ தேர்வுத் தளமோ திறந்திருக்கும்வரை அது செல்லும். தேர்வு முடிந்து இணைப்பை எடுத்துவிட்ட பிறகு என்ன செய்வது?

குவியலுக்கும் ஒரு நியாயம்

திரையில் மேசை, மேசை மேல் காகிதம், பக்கத்தில் ஃபோல்டர் என்ற இந்த ஏற்பாடு 1970-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் உருவானது. நம் தெருமுனைக் கடைக்குப் பெயர் கொடுத்த அதே ஜெராக்ஸ்தான். 1981-ல் அவர்கள் ‘ஸ்டார்’ என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஐகான்களும் ஃபோல்டர்களும் திரையிலேயே இருந்தன. அலுவலக மேசையில் வேலை பார்த்துப் பழகியவர்களுக்குப் பயமில்லாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். விலை 16,000 டாலருக்கு மேல். ஓடவில்லை. 1984-ல் ஆப்பிளின் மெக்கின்டாஷ் அதைப் பரவலாக்கியது. நம் ஊருக்கு அது வந்து சேர்ந்தது விண்டோஸ் 95 மூலமாகத்தான். அதற்கு முந்தைய விண்டோஸ் 3.1-ல் டெஸ்க்டாப் மேல் ஒரு ஃபைலைக்கூட வைக்க முடியாது. 1995 ஆகஸ்ட்டில் வந்த புதிய விண்டோஸ் ரீசைக்கிள் பின்னையும் கொடுத்தது, ஃபைலை எங்கே வேண்டுமானாலும் போட்டுவைக்க வெற்றிடத்தையும் கொடுத்தது. டவுன்லோடுகளுக்கென்று தனி ஃபோல்டர் விண்டோஸ் விஸ்டாவிலும் 2007-ல் வந்த மேக் பதிப்பிலும்தான் சேர்ந்தது. அதற்குள் எல்லோருக்கும் டெஸ்க்டாப்பில் போடும் பழக்கம் ஊறிவிட்டது.

இந்தப் பழக்கத்தைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அநியாயம். தாமஸ் மலோன் என்ற அமெரிக்க ஆய்வாளர், அலுவலக ஊழியர்கள் தங்கள் நிஜ மேசையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்து 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். தாள்கள் இரண்டு விதமாக இருந்தன. தலைப்பு எழுதி அடுக்கியவை ஒரு பக்கம், தலைப்பே இல்லாத குவியல்கள் மறு பக்கம். அந்தக் குவியல்கள் வீணாகக் கிடக்கவில்லை என்பதுதான் அவர் கண்டது. ‘இந்த வேலை பாக்கி இருக்கிறது’ என்று அவை நினைவுபடுத்திக்கொண்டிருந்தன. எந்தத் தலைப்பில் வைப்பது என்று தீர்மானிப்பது மனதுக்குச் சிரமமான வேலை என்பதாலும் குவியல் சேர்கிறது என்றார். 1995-ல் டெபோரா பாரோ, போனி நார்டி என்ற இருவர் கணினித் திரையைப் பார்த்தும் அதையேதான் எழுதினார்கள். கண்ணில் படும் இடத்தில் ஒரு ஃபைலை வைப்பது, பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரட்டும் என்பதற்காகத்தான்.

நாளைக்குக் கட்ட வேண்டிய மின் கட்டண பில் டெஸ்க்டாப்பில் இருந்தால் தப்பே இல்லை. இருக்கத்தான் வேண்டும். கட்டி முடித்த பிறகும் அது அங்கேயே இருக்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். ஐந்து ஐகான் இருக்கும் திரையில் ஒவ்வொன்றும் நினைவூட்டும். நூறு ஐகான் இருக்கும் திரையில் எதுவும் நினைவூட்டாது, கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். அதனால், டெஸ்க்டாப்பை முழுக்கத் துடைத்துக் காலி செய்யச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முடியாத வேலை அங்கே இருக்கட்டும். முடிந்தது கிளம்பட்டும்.

நடுவில் ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் நிறைய ஃபைல் இருந்தால் கம்ப்யூட்டர் மெதுவாகும் என்று பலரும் நம்புகிறார்கள். ஒரு சினிமா ஃபைல் டெஸ்க்டாப்பில் இருந்தாலும் டவுன்லோட்ஸில் இருந்தாலும் சி டிரைவில் அதே இடத்தைத்தான் அடைக்கிறது. சி டிரைவ் நிரம்பி வழிந்தால் விண்டோஸ் திணறும். அதற்கும் ஐகான்களின் எண்ணிக்கைக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை.

எஃப்2 என்ற ஒரு பொத்தான்

பெயர் மாற்ற நேரம் எது? ஃபைல் இறங்கிய அந்த நிமிஷம். அது என்ன, யாருடையது, எதற்கு என்பது அப்போது தெரியும். ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குரோம் பிரவுசரின் அமைப்புகளில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போனால், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால், இறங்குவதற்கு முன்பே பெயரும் இடமும் கேட்கும். முதல் இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். பிறகு கை பழகிவிடும். ஏற்கெனவே இறங்கிய ஃபைலுக்கு ஒரு க்ளிக் செய்து எஃப்2 பொத்தானை அழுத்தினால் போதும். பெயர் மட்டும் நீலமாகத் தேர்வாகும், கடைசியில் இருக்கும் பிடிஎஃப், ஜேபிஜி போன்ற வால் தொடப்படாது. தட்டச்சு செய்து என்டர்.

என்ன பெயர்? யாருடையது, என்ன ஆவணம், எந்தத் தேதி. இந்த மூன்றும் இருந்தால் போதும். ‘கவிதா வருமானச் சான்று 2025-06-11’. இதைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மாதச் சம்பள ரசீது, வங்கிக் கணக்கு அறிக்கை போன்றவற்றுக்குத் தேதியை முன்னால் வைப்பது நல்லது: ‘2025-06 சம்பள ரசீது’.

தேதியை ஏன் தலைகீழாக எழுத வேண்டும்? நாள், மாதம், வருடம் என்று எழுதித்தான் நமக்குப் பழக்கம். முதல் இடையூறு, சாய்வுக் கோட்டை ஃபைல் பெயரில் விண்டோஸ் அனுமதிக்காது. சரி, கோடு போட்டு எழுதுவோம் என்று ‘02-11-2023’, ‘05-03-2025’, ‘09-07-2021’ என்று மூன்று ரசீதுகளுக்குப் பெயர் வைத்தால், பெயர் வரிசையில் கணினி இதே வரிசையில்தான் காட்டும். அது முதலில் பார்ப்பது 2, 5, 9 என்ற நாளை. 2021 கடைசிக்குப் போய்விடும். வருடம், மாதம், நாள் என்று எழுதினால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். மாதத்தைச் சொல்லில் எழுதினாலும் இதே சிக்கல்தான், அகர வரிசையில் ஏப்ரல் ஜனவரிக்கு முன்னால் வந்து நிற்கும். வருடத்தை முன்னால் வைக்கும் இந்த முறை 1988-லேயே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டதுதான். ஒற்றை இலக்க மாதத்துக்கும் நாளுக்கும் முன்னால் பூஜ்யம் போட மறக்கக் கூடாது.

தமிழில் பெயர் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக வைக்கலாம். யூனிகோட் தமிழில் தட்டச்சு செய்த பெயரை விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாமே காட்டும், தேடினாலும் கிடைக்கும். வீட்டில் அம்மாவோ அப்பாவோ கணினியைத் தொடுவதாக இருந்தால் தமிழ்ப் பெயர்தான் சரி. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். ‘பட்டா’ என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து. புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது ஐந்து. ஃபோல்டர்களின் பெயர்களையும் சேர்த்து மொத்தப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய வரம்பு, பல மென்பொருள்கள் இன்னும் அதற்குள்தான் இயங்குகின்றன. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாகப் போய் நீளமான தமிழ்ப் பெயர் வைத்தால், பென்டிரைவுக்கு நகல் எடுக்கும்போது பெயர் நீளம் என்று மறுக்கும். விண்ணப்பத் தளங்களில் ஏற்றுவதற்கான நகலுக்கு மட்டும் சின்னதாக ஆங்கிலப் பெயர் கொடுத்துவிடுவது நிம்மதி. சில தளங்கள் தமிழ் எழுத்தையோ இடைவெளியையோ ஏற்பதில்லை.

யூனிகோடுக்கு முந்தைய காலத்திலிருந்து டிடிபி வேலை செய்கிறவர்களின் கணினியில் வேறொரு வகைச் சிக்கல் இருக்கும். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினிக்குள் போய்ச் சேர்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு இருந்தால் கண்ணுக்குத் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. ஃபைலின் பெயருக்கு எழுத்துருவே மாற்ற முடியாது என்பதால், பாமினி விசைப் பழக்கத்தில் அடித்த பெயர்கள் ஆங்கிலக் கிறுக்கலாகவே நிற்கும். கோயில் மலர், உள்ளூர் வரலாறு, யாரோ ஒரு புலவர் கைப்பட எழுதிக் கொடுத்து அடிக்கச் சொன்ன தொகுப்பு என்று எத்தனையோ அந்த ஃபைல்களுக்குள் இருக்கின்றன. அதை அடித்தவர் இருக்கும்போதே பெயரை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். அவருக்குப் பிறகு யாரும் அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

ஃபோல்டர் எத்தனை?

குறைவாகத்தான். ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொண்டாலே ஒரு குடும்பத்துக்குப் போதும். ‘மற்றவை’ என்று ஒரு ஃபோல்டரை மட்டும் ஆரம்பிக்காதீர்கள், ஆறு மாதத்தில் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

தேடினால்தான் கிடைத்துவிடுகிறதே, ஃபோல்டர் எதற்கு என்பது இளைஞர்களின் வாதம். போனிலேயே வளர்ந்த தலைமுறைக்கு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற எண்ணமே புதிதாக இருக்கிறது என்று அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்கள் சொல்லி 2021-ல் பெரிய விவாதமே நடந்தது. ஆனால் இஸ்ரேலின் ஓஃபர் பெர்க்மனும் அமெரிக்காவின் ஸ்டீவ் விட்டேக்கரும் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டது வேறு. தேடல் வசதி எவ்வளவு மேம்பட்டாலும், சொந்த ஃபைலைத் தேட மனிதர்கள் வைத்த இடத்துக்கு நடந்து போவதையே விரும்புகிறார்கள். இடம் மறந்துபோனால்தான் தேடல் பெட்டிக்கு வருகிறார்கள். அப்படி வந்தாலும் ஸ்கேன் செய்த பத்திரத்துக்குள் இருக்கும் சொற்கள் தேடலில் அகப்படாது, கணினிக்கு அது வெறும் படம். பெயரில் ‘பத்திரம்’ என்று இருந்தால்தான் கிடைக்கும்.

இடம் என்று வரும்போது, டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் டி டிரைவுக்கே குடிபெயர்த்துவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. டவுன்லோட்ஸ் ஃபோல்டர் மேல் ரைட் க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், அதில் லொகேஷன், மூவ். டி டிரைவில் ஒரு புதிய ஃபோல்டரைக் காட்டினால், பழைய ஃபைல்களையும் நகர்த்தட்டுமா என்று கேட்கும். கட்டாயம் ‘யெஸ்’ சொல்லுங்கள். 2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட், இப்படி இடம் மாற்றிவிட்டுப் பழைய இடத்திலும் ஃபைல்களை விட்டுவைத்திருந்தவர்களின் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே அந்த அப்டேட்டை நிறுத்திவைத்து, பிழை திருத்தி நவம்பரில்தான் மறுபடி வெளியிட்டது. இரண்டு இடத்தில் பாதிப் பாதி இருப்பது எப்போதுமே ஆபத்து.

டி டிரைவில் இருந்தால் பத்திரம் என்று நினைத்துவிடவும் கூடாது. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் போகும். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு நல்லது: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். குடும்ப ஆவணங்கள் மொத்தமும் ஒரு சின்ன பென்டிரைவில் அடங்கிவிடும். ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

அழிப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. போட்டு முடித்த மென்பொருள்களின் செட்டப் ஃபைல்கள், (1), (2) நகல்கள், பார்த்து முடித்த வீடியோக்கள் எல்லாம் தயங்காமல் போகலாம். அளவு வரிசையில் பார்த்தால் பெரியவை தாமாகவே மேலே வரும். விண்டோஸில் இருக்கும் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் 1, 14, 30 அல்லது 60 நாள் திறக்காமல் கிடந்தவற்றைத் தானே அழிக்கும். நாமாக ஆன் செய்யாதவரை அது டவுன்லோட்ஸைத் தொடாது. முக்கியமானவற்றுக்குப் பெயர் வைத்து அப்புறப்படுத்திய பிறகுதான் அதை ஆன் செய்ய வேண்டும். பி.எஃப். பாஸ்புக்கை எத்தனை பேர் 60 நாளுக்கு ஒருமுறை திறக்கிறோம்?

அழிக்கலாமா என்று திறந்து பார்ப்பதற்கு முன் வாலையும் ஒருமுறை பாருங்கள். 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த ‘ஐ லவ் யூ’ வைரஸ், ஒரு சாதாரணக் காதல் கடிதம் போலத்தான் பெயர் வைத்துக்கொண்டு வந்தது. பெயரின் கடைசி வாலை விண்டோஸ் மறைத்துவிட்டதால் அது கடிதமில்லை, ஓடக்கூடிய நிரல் என்பது தெரியவில்லை. இன்றும் விண்டோஸ் அந்த வாலை மறைத்துத்தான் வைக்கிறது. எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை ஆன் செய்துவிடுங்கள். ரசீது என்று பெயர் போட்டு ‘இஎக்ஸ்இ’ என்று முடிந்தால் அது ரசீது இல்லை.

அடுத்தவர் காகிதங்கள்

நம் வீட்டுக் கணினி அலங்கோலமாக இருந்தால் நஷ்டம் நமக்கு. பிரவுசிங் சென்டரின் டெஸ்க்டாப் அலங்கோலமாக இருந்தால் நஷ்டம் ஊருக்கு. இந்த விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எந்த ஊர் ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் நிற்க இடம் இருக்காது. பொறியியல் சேர்க்கைக்கு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏழெட்டு ஸ்கேன். கடைக்காரருக்கு வேகம் முக்கியம். எல்லாம் டெஸ்க்டாப்பில் விழுகிறது. வரிசையில் நிற்கிற எவருக்கும் அந்தத் திரை தெரிகிறது. முன் பின் தெரியாத ஒரு பெண்ணின் ஆதாரும் போட்டோவும் போன் எண்ணும் மூன்று மாதமாக அங்கேயே இருக்கும். கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ‘மறுபடி வந்து கேட்பாங்க’ என்று வைத்திருப்பார், பல முறை அது உதவியும் இருக்கும்.

இ-ஆதார் பிடிஎஃப்புக்குப் பாஸ்வேர்டு உண்டு. பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பாதுகாப்பு என்ற அளவில் அது மெல்லியதுதான். கடையில் பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, பிரின்ட் எடுக்க வசதியாக இன்னொரு பிடிஎஃப்பாகச் சேமித்துவிட்டால் அந்தப் பூட்டும் போய்விடும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், இன்டர்நெட் மையக் கணினிகளில் இ-ஆதார் டவுன்லோட் செய்வதைத் தவிருங்கள், செய்தால் எல்லா நகலையும் நிரந்தரமாக அழித்துவிடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. நகலை அழியுங்கள் என்ற அந்த யோசனையில் ஒரு தவறும் இல்லை. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த வேலைக்காக விவரம் வாங்கப்பட்டதோ அது முடிந்ததும் அழிக்க வேண்டும் என்ற கொள்கையைத்தான் சொல்கிறது.

கடைக்குப் போகிறவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முழு எண் தேவைப்படாத இடத்துக்கு, முதல் எட்டு இலக்கம் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். பிரின்ட் கையில் வந்ததும், “அண்ணே, என் ஃபைலை அழிச்சிடுங்க” என்று கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஷிஃப்ட் பொத்தானோடு டெலிட் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. தேர்ந்தவர்கள் அதையும் மீட்க வாய்ப்புண்டு, ஆனால் அடுத்து வரும் வாடிக்கையாளர் கண்ணில் படாது. பிரவுசரில் கன்ட்ரோலோடு ஜே அழுத்தினால் அன்றைக்கு இறங்கியதெல்லாம் பட்டியலாக வரும், நம்முடையது அங்கேயும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் வெப்பில் நுழைந்து ஃபைல் எடுத்திருந்தால், வெளியே வந்ததும் போனில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதியைத் திறந்து கடைக் கணினியை நீக்க வேண்டும். பலர் இதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய உரையாடல் முழுக்கக் கடையிலேயே திறந்து கிடக்கும்.

கடைக்காரருக்கு என் யோசனை ஒன்றுதான். ஸ்கேனருக்கும் பிரவுசருக்கும் சேமிக்கும் இடமாக டி டிரைவில் ‘இன்று’ என்ற ஒரே ஃபோல்டரைக் காட்டிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் வாடிக்கையாளர் ஃபைல் எதுவும் விழக்கூடாது. வேலை நடக்கும்போது பெயரை மட்டும் போட்டு வையுங்கள், ஆள் மாறாது. இரவு ஷட்டர் இறக்குவதற்கு முன் அந்த ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். மறுநாள் யாராவது வந்து “நேத்து எடுத்தது இருக்கா?” என்று கேட்டால், புதிதாக ஸ்கேன் செய்ய இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குக் காசு வாங்கிக்கொள்ளுங்கள், கொடுப்பார்கள்.